ஓலைச் சீமைக்கு வராத தோலேடு

கிரேக்க நிலவியல் அறிஞர் ஸ்டிராபோ, ரோமப் பேரரசர் அகஸ்டஸைப் பார்க்க இந்தியாவிலிருந்து புறப்பட்ட தூதுக்குழு ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். டமாஸ்கஸ் ஊரைச் சேர்ந்த நிக்கோலாஸ் அவர்களை அந்தியோக்கியா நகருக்கு அருகில் நேரில் சந்தித்தார். நெடுவழிப் பயணத்தில் பலர் இறந்துபோய், மிஞ்சியவர்கள் மூன்றே பேர். பெரிய பாம்புகள், ஆற்று ஆமை, கழுகை விடப் பெரிய கௌதாரி என்று விசித்திரமான பரிசுகளோடு அவர்கள் ஒரு கடிதமும் கொண்டுவந்திருந்தார்கள். கிரேக்க மொழியில், தோலில் எழுதிய கடிதம் அது. அனுப்பிய அரசன் பெயர் போரஸ் என்று நிக்கோலாஸ் குறித்துவைத்தார். அதே ஸ்டிராபோ தம் நூலில் இன்னோரிடத்தில், அகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் அனுப்பியவன் பாண்டியன் என்றும், வேறு சிலர் சொல்படி போரஸ் என்றும் எழுதுகிறார்.

அந்தக் கடிதம் மதுரையிலிருந்து போனதா, வடமேற்கு இந்தியாவிலிருந்து போனதா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. குழுவோடு வந்து ஏதென்ஸில் தீக்குளித்த துறவி மேற்கு இந்தியாவின் பாருகச்சத்துக்காரர் என்பதால் வடக்கு, மேற்குப் பக்கம்தான் சாய்மானம் அதிகம். ஆனாலும் பாண்டியன் பெயரும் தோல் கடிதமும் ஒரே நூலில் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஈராயிரம் ஆண்டுப் பாண்டிய வரலாற்றைப் புரட்டினால் கல் இருக்கிறது, செம்பு இருக்கிறது, பனையோலை மலைமலையாக இருக்கிறது. தோலில் எழுதிய தமிழ் நூலைத்தான் காணோம்.

பாண்டியர்களின் கடைசிக் கிளை ஆண்ட தென்காசியிலும் அதை ஒட்டிய குற்றாலத்திலும் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம். பாதி உலகம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஆட்டுத் தோலிலும் கன்றுத் தோலிலும் எழுதிக்கொண்டிருந்தபோது, இந்தச் சீமை ஏன் அந்தப் பக்கமே போகவில்லை? போகாததால் என்ன கிடைத்தது, என்ன போனது?

முதலில் தோலேடு என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். செருப்புக்கும் பைக்கும் ஆகும் தோல் வேறு. பார்ச்மென்ட் எனப்படும் எழுதுதோல் வேறு. செருப்புத் தோலை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். எழுதுதோலுக்கு அந்தப் பதனிடுதல் கிடையாது. உரித்த தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறப்போட்டால் மயிர்க்கால் தளர்ந்துவிடும். மயிரைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஊறவைத்து, பிறகு மரச்சட்டத்தில் நாலாபுறமும் கயிறு கட்டி இழுத்து விறைப்பாக நிறுத்துவார்கள். பிறைநிலா வடிவக் கத்தியால் இரு பக்கமும் சீவச் சீவத் தோல் மெலியும். காயக் காயக் கயிற்றை முறுக்கி இன்னும் இழுப்பார்கள். அந்த இழுவையில் தோலுக்குள் இருக்கும் புரத இழைகள் ஒரே தளத்தில் படிந்து, வெள்ளையாக, வழவழப்பாக, இரு பக்கமும் எழுதத்தக்க தாளாகிவிடும். நுரைக்கல்லால் தேய்த்துச் சுண்ணப்பொடி தடவினால் மை ஊறாமல் நிற்கும். கன்றுத் தோலில் செய்தது உயர்ந்த ரகம்; அதற்கு வெல்லம் (vellum) என்று பெயர்.

பெர்கமம் நகரத்து மன்னன் இரண்டாம் யூமெனிஸ் நூலகம் கட்டப் போட்டி போட்டதால் எகிப்து பாப்பிரஸ் என்ற எழுதுதாளின் ஏற்றுமதியை நிறுத்தியது, அதனால் பெர்கமத்தில் தோலேடு பிறந்தது என்று ரோம எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். பார்ச்மென்ட் என்ற பெயரே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அதற்கு மிக முன்பே மேற்காசியாவில் தோலில் எழுதும் வழக்கம் இருந்தது. பெர்கமம் அதை மேம்படுத்தியது, பெயர் வாங்கிக்கொண்டது என்று சொல்வதே சரி.

தோலேட்டின் விலையைப் புரிந்துகொள்ள ஆடுமாடுகளை எண்ண வேண்டும். சுமார் கி.பி. 700இல் வட இங்கிலாந்துத் துறவிகள் எழுதிய கோடெக்ஸ் அமியாட்டினஸ் என்ற விவிலியப் படிக்கு ஏறத்தாழ 500 கன்றுகளின் தோல் பிடித்திருக்கும் என்பது ஆய்வாளர் கணக்கு. ஒரே ஒரு புத்தகத்துக்கு ஒரு கிராமத்து மந்தை! எழுதும் அறைக்குப் பின்னால் மேய்ச்சல் நிலமும் கொட்டிலும் சுண்ணாம்புத் தொட்டியும் கசாப்புக் களமும் இருந்தால்தான் அந்தப் புத்தகம் உண்டு.

தென்காசிக் கணக்கில் ஒரு தேதி. பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1446. ராஜகோபுரத் திருப்பணியை அவன் ஆரம்பித்தது 1457. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில், 1455 வாக்கில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் தம் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். அச்சிட்ட ஏறக்குறைய 180 படிகளில் கால் பங்கு தோலில், மீதி காகிதத்தில். தோலேட்டின் ஆயிரமாண்டு ஆட்சியைக் காகிதம் அசைக்கத் தொடங்கிய நேரம் அது. அதே நேரத்தில் தென்காசியில் பாண்டியன், தான் கட்டிய கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர்களின் காலில் விழுவதாகச் சொல்லும் பாட்டைக் கல்லில் வெட்டிவைத்தான். அந்தக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

தோல் இங்கே எழுத்துக்கு வராததற்கு எல்லாரும் சட்டென்று சொல்லும் காரணம் தீட்டு. செத்த மாட்டுத் தோலில் தேவாரத்தையும் திருவாய்மொழியையும் எழுதுவார்களா என்று கேட்பார்கள். கி.பி. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனியும், பழைய கிரேக்கர் போல இந்துக்கள் தோலில் எழுதுவதில்லை என்று பதிவுசெய்தார். தெற்கே பனை போன்ற மரத்தின் இலையில் எழுதி, நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவார்கள் என்பதையும் அவர் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்.

தீட்டு ஒரு காரணம்தான். ஆனால் முழுக் காரணம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. மான்தோலும் புலித்தோலும் முனிவருக்கு ஆசனம். கோயிலுக்குள் ஒலிக்கும் தவிலும் மத்தளமும் தோல் போர்த்தவை. இந்தியப் பண்பாட்டின் விளிம்பிலேயே தோலில் எழுதியதற்குச் சான்றும் உண்டு: மத்திய ஆசியாவின் நியா என்ற பாழூரில் 1901இல் ஆரல் ஸ்டைன் தோண்டியபோது, கரோஷ்டி எழுத்தில், பிராகிருத மொழியில், தோலில் எழுதிய அரசாங்க ஆவணங்கள் கிடைத்தன. அது பனை முளைக்காத பாலைவனம். கையில் கிடைத்ததில் எழுதினார்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. எழுதுதோல் செய்யும் கைவேலை தென்தமிழ்நாட்டில் நன்றாகவே தெரிந்திருந்தது. தோல்பாவைக் கூத்துப் பாவையைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய தோல்; அதில் சாயமிட்ட இராமனும் சீதையும். ஆட்டுத் தோலை நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சுரண்டி மெலித்து, இழுத்துக் காயவைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். ஐரோப்பியத் துறவி செய்ததும் ஏறத்தாழ இதே வேலை. நெல்லை, குமரி வட்டாரத்தில் இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மண்டிகர் குடும்பங்கள், வீட்டில் மராத்தி பேசிக்கொண்டு மேடையில் தமிழில் இராமாயணம் நடத்தியவர்கள். மலைக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டுப் பகுதியில் பாவைக்கூத்துக்குக் கம்பன் பாட்டுகளையே சொல்கிறார்கள். ஆக, கம்பனின் சொல் ஓலையில் இருந்தது, கம்பனின் உருவங்கள் தோலில் இருந்தன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை.

தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் கணியான் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு நடுவே ஓலையையோ வைக்கோலையோ கொளுத்தி அந்தத் தீயில் மகுடத்தைக் காட்டிக் காட்டி எடுப்பார்கள். பனியிலும் ஈரக்காற்றிலும் தோல் தளர்ந்துவிடும், சுருதி இறங்கிவிடும். சூடு காட்டினால் விறைத்துச் சுருதி ஏறும். எழுதுதோலின் பலவீனமும் இதுதான். ஈரப்பதத்தை உறிஞ்சி நெளியும், காய்ந்தால் சுருங்கும், ஈரமும் வெப்பமும் சேர்ந்து நீடித்தால் பூஞ்சை பிடித்துப் பசைபோல் இளகும். அதனால்தான் ஐரோப்பாவில் தோல் புத்தகங்களுக்குக் கனமான மரப்பலகை அட்டை போட்டுக் கொக்கி வைத்து இறுக்கினார்கள். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலில் நனைந்து கிடக்கும் வீட்டுப் பரணில் ஒரு தோல் புத்தகம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை மகுடக்காரர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் உண்மையான காரணம் எளிது: பனை. ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் பக்கம் போனால் வானத்தைக் கீறிக்கொண்டு நிற்கும் மரம் எழுதுபொருளை ஆண்டுதோறும் தானே தருகிறது. அதற்காக எந்த உயிரையும் கொல்ல வேண்டாம், மேய்ச்சல் நிலம் வேண்டாம், வேற்றுநாட்டு வணிகன் தயவு வேண்டாம். ஐரோப்பாவுக்குப் பாப்பிரஸ் கடல் கடந்து வரவேண்டிய சரக்கு. அது அரிதானபோது அவர்கள் கையில் இருந்தது ஆட்டு மந்தை. நம்மிடம் இருந்தது பனங்காடு. தீட்டு என்ற காரணம் பின்னால் வந்து இந்தச் சௌகரியத்துக்குச் சாத்திரப் பூச்சு கொடுத்தது என்பதே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. அந்தப் பூச்சு மனிதர்கள் மேலும் விழுந்தது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்கள் ஓலையைத் தொட்டுப் படிக்கக் கூடாதவர்களாக நூற்றாண்டுக் கணக்கில் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். ஐரோப்பாவில் தோல் சீவியவரும் அதில் எழுதியவரும் சில மடங்களில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்; இங்கே பறை செய்தவரின் சொல் பெரும்பாலும் ஓலைக்கு ஏற விடப்படவில்லை. எழுதுபொருளின் வரலாற்றைப் பேசும்போது இந்த இழப்பைச் சொல்லாமல் தாண்டக் கூடாது.

பனையோலை அப்படியே எழுதுதாள் ஆகிவிடாது. முற்றாத, இளமையும் மாறிய பருவத்து ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக வாருவார்கள். நீரில் வேகவைத்து, சில இடங்களில் மஞ்சளும் சேர்த்து, நிழலில் உலர்த்துவார்கள். பிறகு சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பாடம் செய்தல் என்று இதற்குப் பெயர். பனையை விடத் தாளிப்பனையின் ஓலை மெல்லியது, நீளமானது, எழுத இதம். இரு துளை இட்டு ஒன்றில் கயிறு கோப்பார்கள், மற்றொன்றில் நாராசம் என்ற கம்பியைச் செருகுவார்கள். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி.

எழுதுவதும் தனி வித்தை. இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. இடது பெருவிரல் நகத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். எழுத்தாணி முனை அதில் சாய்ந்து நிற்கும். கை அதிகம் நகராது, ஓலைதான் நகர்ந்து போகும். எழுதி முடித்த ஓலையில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கீறல் மட்டும் இருக்கும். விளக்குக் கரியோடு கோவையிலைச் சாற்றையோ ஊமத்தையிலைச் சாற்றையோ கலந்து தடவித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்பு தங்கி எழுத்து கண்விழிக்கும். மையாடல் என்பார்கள். புதுச் சுவடிக்கு மையாடுவதை மங்கலச் சடங்காகவே செய்தார்கள். அந்த இலைச்சாறு பூச்சியையும் விரட்டும்.

எழுத்தாணி எழுத்தையும் மாற்றியது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பதும் படிப்பவர் பாடு. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்து இந்தக் குழப்பத்தைக் குறைத்தார். சுவடியைப் பதிப்பித்தவர்கள் ஒரு சொல்லை நான்கு விதமாகப் படித்துப் பார்த்துத் தவித்ததற்குப் பாதிக் காரணம் இந்த இல்லாத புள்ளிகள்தான்.

ஆவணம் என்று வரும்போது தோலும் ஓலையும் ஒரே கவலையைத் தீர்க்க முயன்றன: மோசடி. இங்கிலாந்தில் நிலப் பத்திரங்களை நூற்றாண்டுகளாகச் செம்மறியாட்டுத் தோலில் எழுதினார்கள். செம்மறித் தோலின் அடுக்குகளுக்கிடையே கொழுப்பு அதிகம். எழுத்தைச் சுரண்டி அழித்தால் அந்த இடத்தில் தோல் உரிந்து, திருத்தியது வெட்டவெளிச்சமாகிவிடும். ஓலையிலோ எழுத்து கீறலாக உள்ளே இறங்கியிருப்பதால் அழிக்கவே வழியில்லை. கிழிக்க மட்டுமே முடியும். சுந்தரர் கதையில் நடப்பது அதுதான். கிழவர் நீட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தெறிய, அது படியோலைதான், மூல ஓலை வேறே இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் எடுத்து வைக்கிறார். சுந்தரரின் பாட்டன் கையெழுத்தைக் காப்பில் இருந்த வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து அவை தீர்ப்புச் சொல்கிறது. படி, மூலம், கையெழுத்து ஒப்பீடு என்று ஒரு முழு ஆவண முறையையே சேக்கிழார் அந்தக் கதைக்குள் காட்டிவிடுகிறார்.

அதற்கு மேல் நிலைக்க வேண்டியதைச் செம்பில் வெட்டினார்கள். தென்காசிப் பாண்டியர்களான ஸ்ரீவல்லபனும் வரதுங்கராமனும் கொடுத்த புதுக்கோட்டைச் செப்பேடு இந்த வகை. செப்பேட்டின் நீண்ட வடிவமே ஓலையைப் பார்த்து வந்ததுதான். துளையிட்டு வளையம் மாட்டும் பழக்கமும் சுவடியின் பழக்கம். பொருள் மாறியது, ஏடு என்ற எண்ணம் மாறவில்லை.

கல்லும் எல்லாக் காலத்துக்கும் காவல் இல்லை. குற்றாலநாதர் கோயிலில் பழைய கல்வெட்டுகள் வட்டெழுத்தில் இருந்தன. காலப்போக்கில் அந்த எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போனதால், அவற்றைத் தமிழெழுத்தில் மாற்றி வெட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கல் கெட்டுப்போகவில்லை, படிக்கிறவன் போய்விட்டான். ஊரார் அதை உணர்ந்து உடனே படியெடுத்தார்கள். இந்தச் சீமையின் எழுத்து வரலாற்றில் மிகச் சிறந்த செயல்களில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

இனி ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் பார்க்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்குப் போகும் இந்த மலைவழி மிளகும் துணியும் போய்வந்த பழைய வழி. கணவாயின் மறுமுனையில், கொல்லத்தில், கி.பி. 849இல் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்குச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கப்பட்டன. எழுத்து வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்துகளோ அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில். மேற்காசியாவில் தோலில் எழுதிப் பழகிய வணிகர்கள் இங்கே வந்து செம்பில் கையெழுத்திட்டார்கள்.

அவர்களில் யூதர்கள் தங்கள் வேதத்தை மட்டும் தோலில்தான் வைத்திருந்தார்கள். கொச்சி யூதர்களின் தோரா சுருள்கள் விதிப்படி தோலில் எழுதித் தைத்தவை. காகிதத்துக்கோ ஓலைக்கோ அங்கே இடமில்லை. அதே சமூகத்துக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் கி.பி. 1000 வாக்கில் கொடுத்த உரிமைப் பட்டயம் செப்பேட்டில் இருக்கிறது. கடவுளோடு பேசத் தோல், அரசனோடு பேசச் செம்பு. 1806இல் கிளாடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலப் பாதிரியார் கேரளத்துக்கு வந்தபோது, சிவப்புச் சாயமிட்ட ஆட்டுத் தோல்கள் பலவற்றைத் தைத்துச் சேர்த்த தோரா சுருள் ஒன்றையும், சிரியக் கிறித்தவர்களின் ஆயரிடமிருந்து 12ஆம் நூற்றாண்டுத் தோல் விவிலியம் ஒன்றையும் பெற்றுச் சென்றார். இரண்டும் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தென்காசிக்குச் சில நாள் நடைதூரத்தில் தோலேடு பல நூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது; மலை ஏறி இந்தப் பக்கம் வந்து தமிழைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

தமிழ் அச்சேறிய காகிதமும் அந்த வழியில்தான் முதலில் வந்து நின்றது. 1578இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல். அதே தலைமுறையில் மலைக்குக் கிழக்கே தென்காசியில் அதிவீரராம பாண்டியனின் நைடதம் ஓலையில் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. காகிதம் ஓலையை வெல்ல இன்னும் முந்நூறு ஆண்டு ஆயிற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, தோலுக்கும் ஓலைக்கும் உள்ள பெரிய வேற்றுமைக்கு வரலாம். தோலேடு மறதியைத் தாங்கும். ஓலைச்சுவடி தாங்காது.

ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களை 10ஆம் நூற்றாண்டில் ஒருவர் தோலில் படியெடுத்தார். 1229இல் ஒரு பாதிரியார் அந்த எழுத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு அதன்மேல் பிரார்த்தனைகளை எழுதிக்கொண்டார். தோல் விலை அப்படி. அதன் பிறகு பல நூற்றாண்டுகள் அடியில் இருந்த ஆர்க்கிமிடீஸை யாரும் நினைக்கவில்லை. 1998இல் அந்தப் பிரார்த்தனைப் புத்தகம் இருபது லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. புதுவகை ஒளிப்படக் கருவிகளால் அடியில் இருந்த கணிதத்தைப் படித்துவிட்டார்கள். எழுநூறு ஆண்டு அலட்சியத்துக்குப் பிறகும் தோல் தன்னிடம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தது.

ஓலையிடம் இதை எதிர்பார்க்க முடியாது. நம் தட்பவெப்பத்தில் ஒரு சுவடி நன்றாகப் பேணினால் இருநூறு, முந்நூறு ஆண்டு நிற்கும். அதற்குள் இன்னொருவர் உட்கார்ந்து அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிவிட வேண்டும். அவருக்குப் பிறகு இன்னொருவர். சங்கப் பாட்டு ஒன்று இன்று நம் கையில் இருக்கிறதென்றால், குறைந்தது ஏழெட்டுத் தலைமுறைப் படியெடுப்பாளர்கள் ஒருவர் விடாமல் வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும் நூல் போயிற்று. கீறிய எழுத்தைச் சுரண்டி மேலே வேறு எழுத முடியாது என்பதால், அடியில் ஒளிந்திருந்து பிறகு வெளிவரும் வாய்ப்பும் ஓலைக்குக் கிடையாது. தமிழ் நூல்கள் அழிந்ததற்கு ஆழிப்பேரலையையும் அந்நியர் படையெடுப்பையும் காரணம் சொல்வது வழக்கம். பெரும்பகுதி அழிவுக்குக் காரணம் அதைவிடச் சாதாரணமானது: இந்தத் தலைமுறை படியெடுக்கவில்லை.

இதற்கு மிகக் கொடிய சான்று தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள ஊர். திருக்கருவை அந்தாதிகள் பாடப்பட்ட பால்வண்ணநாதர் கோயில் அங்கேதான். வரதுங்கராம பாண்டியன் இங்கிருந்து ஆண்டான், புலவன், பெரிய ஏட்டு நூலகம் வைத்திருந்தான். அவனுக்குப் பின் அவன் உடைமைகளோடு ஏடுகளும் கோயிலைச் சேர்ந்தன என்று கேள்விப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உ.வே.சாமிநாதையர் அந்த ஊருக்குப் போனார். ஏடுகளைப் பார்க்க வேண்டும் என்று கோயில் நிர்வாகத்தாரிடம் கேட்டார். கிடைத்த பதிலை அவர் என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்: பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாகச் சொல்லி, குழி வெட்டி அக்கினி வளர்த்து ஹோமம் செய்துவிட்டார்களாம்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மரியாதையோடுதான் எரித்தார்கள். ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களும் மரியாதையோடுதான் விட்டார்கள். பழைய ஏட்டை அப்புறப்படுத்தும் சடங்கு, முதலில் புதுப்படி எழுதிய பிறகு செய்யவேண்டிய சடங்கு. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் பக்தியோடு செய்தார்கள். அச்சும் ஆங்கிலப் படிப்பும் வந்து, படியெடுக்கும் தொழிலுக்குக் கூலி கொடுப்பார் இல்லாமல் போன காலம் அது. ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் சிலப்பதிகாரமும் பத்துப்பாட்டும் இதே வழியில் போயிருக்கும். பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் சாமிநாதையர் பதிப்பாக அச்சேறித் தப்பின. அவர் நெல்லைச் சீமையில் வீடு வீடாகப் போய்ச் சுவடி தேடியது, அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கையால் எட்டிப் பிடித்த வேலை.

அதே வட்டாரத்தில் சங்கிலி அறாமல் இருந்ததற்கும் சான்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். அந்த நூல் மடத்து அலமாரியை மட்டும் நம்பி வாழவில்லை. ஆடினார்கள், பாடினார்கள், மனப்பாடம் செய்தார்கள். ஓலை நைந்தாலும் வாய் நையவில்லை. வில்லுப்பாட்டுக் கதைகள் தப்பியதும் இப்படித்தான்; புலவர்கள் ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடைதோறும் பாடினார்கள். அய்யாவழியினரின் அகிலத்திரட்டு அம்மானை 1841இல் எழுதப்பட்டது, அச்சானது 1939இல்தான். அந்த நூறு ஆண்டும் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்தார்கள். அவர்களின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் ஏடு வாசிப்பு இன்றும் திருவிழாவாக நடக்கிறது. அடிக்கடி வாசிக்கிற ஏட்டைத்தான் படியெடுக்கத் தோன்றும்.

தோலேடும் உலகில் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்து நாடாளுமன்றம் தன் சட்டங்களின் நிரந்தரப் படியைக் கன்றுத் தோலில் அச்சிட்டு வைக்கும் வழக்கத்தை, பெரிய விவாதத்துக்குப் பிறகு, 2017இல்தான் கைவிட்டது. அப்போதும் மேலட்டைக்குத் தோலை வைத்துக்கொண்டார்கள். தோரா இன்னும் தோலில்தான் எழுதப்படுகிறது. பனையோலையில் எழுதும் கை தமிழ்நாட்டில் சோதிடர் வீட்டைத் தாண்டி அரிது.

எழுதிய ஓலைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. அறநிலையத் துறை கோயில்களில் சுவடிகளைத் தேடிச் சுத்தம் செய்து மின்படியாக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக நடத்துகிறது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவித் தூசு போக்கினால் காய்ந்த ஓலை மறுபடி வளைகிறது. புதிதாக மையாடினால் எழுத்து தெளிகிறது. கோயில்களைப் போலவே வீடுகளையும் தேட வேண்டும். குற்றால மலை மூலிகையை நம்பிப் பல தலைமுறை வைத்தியர்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. வைத்தியச் சுவடி, வர்மச் சுவடி, வில்லுப்பாட்டு ஏடு, நில ஓலை என்று தென்காசி, கடையம், சுரண்டை, சங்கரன்கோவில் வட்டாரங்களில் பரணிலும் பூசையறையிலும் கட்டுக்கட்டாகக் கிடப்பவற்றைச் சரசுவதி பூசைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுத் திரும்ப மூடிவைக்கிறார்கள். அவற்றில் 19ஆம் நூற்றாண்டில் எழுதியவை ஏற்கெனவே தம் ஆயுளில் பாதியைக் கடந்துவிட்டன. கட்டை அவிழ்த்து ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும் படமெடுத்து, என்ன நூல், யார் எழுதியது, எந்த ஆண்டு என்று குறித்து, மூலத்தை அந்த வீட்டிலேயே விட்டுவந்தாலும் போதும். படியெடுப்பு நடந்துவிட்டதாகக் கணக்கு.